மெல்போர்னில் பார்க்க ஒன்றும் இல்லையா?

கேள்வி: திருச்சி வாசகர், 2025 மார்ச் 4

மகள் மெல்போர்னில் டார்னீட் என்ற இடத்தில் இருக்கிறாள். ஜூன் கடைசியில் பிரசவம். நானும் மனைவியும் போய் மூன்று மாதம் இருக்கப் போகிறோம். போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: "சிட்னியில் பாலம் உண்டு, ஆப்பரா ஹவுஸ் உண்டு. மெல்போர்னில் பார்க்க ஒன்றும் கிடையாது. கிரேட் ஓஷன் ரோடு ஒரு நாள் போய்வந்தால் முடிந்தது." இது உண்மையா? மாப்பிள்ளைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு அலைய நேரம் இருக்காது. நாங்களே போய்வருகிற மாதிரி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 5

அந்தப் பேச்சை நம்ப வேண்டாம் சார். நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடங்களை எண்ணினால் சிட்னிதான் முந்தும். ஆனால் தனியாக ரயிலேறிப் போய், ஒரு கடைத்தெருவில் இறங்கி நடந்து, சாப்பிட்டு, வேடிக்கை பார்த்துவிட்டுப் பொழுதோடு வீடு திரும்ப மெல்போர்னைப் போல ஒரு ஊரை நான் பார்த்ததில்லை.

நான் மதுரைக்காரி. தொலைபேசி இலாகாவில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் குடும்பம் ஊரின் தென்கிழக்கில் நோபிள் பார்க்கில் இருக்கிறது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போன பிறகு அமைதியான வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் வராமல்தான் ரயிலேற ஆரம்பித்தேன்.

அந்த ஊரின் சிறப்பு நகரத்தின் நடுவில் இல்லை, புறநகர்க் கடைத்தெருக்களில் இருக்கிறது. வியட்நாம் மக்கள் ஏன் இந்தத் தெருவில், ஆப்கானியர் ஏன் அந்தத் தெருவில் என்று விசாரித்தால் ஒவ்வொன்றுக்கும் உறுதியான ஒரு காரணம் கிடைக்கும். அதைத் தெரிந்துகொண்டு நடந்தால் உங்களுக்கு மூன்று மாதம் போதாது.

மார்ச் 5, இரவு

டார்னீட் என்று சொன்னீர்கள். அது உங்களுக்கு நல்ல வசதி. அங்கே 2015 முதல் வி-லைன் என்ற வெளியூர் ரயில் நிற்கிறது. ஜீலாங்கிலிருந்து வரும் அந்த வண்டி சன்ஷைன், ஃபுட்ஸ்க்ரே வழியாக நகரத்தின் சதர்ன் கிராஸ் நிலையத்துக்குப் போகும். ஆக, நகரம் வரைக்கும் போக வேண்டியதே இல்லை. ஃபுட்ஸ்க்ரேயில் இறங்கினால் ஒரு முழு நாள் போய்விடும்.

போனதும் ஆளுக்கு ஒரு மைக்கி அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். ரயில், டிராம், பஸ் மூன்றுக்கும் அது ஒன்றே. டிராமில் காசு வாங்க நடத்துநர் கிடையாது. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்காது என்று உச்சவரம்பு இருக்கிறது. அதனால் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் கவலை வேண்டாம். அங்கே குடியிருக்கும் முதியவர்களுக்கான சலுகைக் கட்டணம் விருந்தாளியாகப் போகும் நமக்குக் கிடையாது.

மார்ச் 6

"மெல்போர்னில் டிராம் எல்லாம் இலவசம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. 2015 ஜனவரி முதல் நகர நடுப்பகுதியும் டாக்லாண்ட்ஸும் மட்டும் இலவச வட்டாரம். எல்லை தாண்டும்போது வண்டியிலேயே அறிவிப்பார்கள். செயின்ட் கில்டா கடற்கரைக்கோ பிரன்ஸ்விக்குக்கோ போனால் அட்டையைத் தொட்டே ஆக வேண்டும். பரிசோதகர்கள் வருவார்கள், அபராதம் கனமானது.

35 என்று எண் போட்ட பழைய வண்டி ஒன்று நகரத்தைச் சுற்றி வரும். அது முழுக்க இலவசம். முதல் நாள் அதில் ஒரு சுற்று போய்வந்தால் திசை பிடிபடும்.

மார்ச் 9

ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு முழு நாள் போய்விடும் என்று சொல்லியிருந்தேன். அதை விரிவாக எழுதுகிறேன்.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ஐந்து நிமிட நடையில் வியட்நாம் கடைகள். காய்கறிச் சந்தையில் தண்டுக்கீரை, வள்ளிக்கிழங்கு, பச்சை மிளகாய், வாழைப்பூ எல்லாம் குவிந்து கிடக்கும். மீன் கடையில் விலையைக் கூவிச் சொல்வார்கள். மதுரை மாட்டுத்தாவணியில் நிற்கிற அதே உற்சாகம் எனக்கு வந்தது. அடுத்த தெருக்களிலேயே எத்தியோப்பியர்களின் உணவகங்கள். இஞ்சரா என்று பெரிய தட்டு அகலத்துக்கு மெத்தென்று ஒரு ரொட்டி. டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்க வைத்துச் சுடுகிறார்கள். நம் தோசையின் புளிப்பு அப்படியே இருக்கிறது. பருப்பும் கீரையும் கூட்டும் அதன் மேலேயே வைத்துத் தருவார்கள், கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்கள் தயங்காமல் போகலாம். அவர்கள் மதத்தில் நோன்பு நாட்கள் அதிகம், அதனால் கறி, பால், முட்டை சேராத சமையல் அவர்களுக்குப் பழக்கம். "நோன்புச் சாப்பாடு" என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

இனி காரணத்துக்கு வருகிறேன். வியட்நாம் போர் முடிந்த பிறகு வந்த அகதிகளை அரசாங்கம் முதலில் விடுதிகளில் தங்கவைத்தது. ஃபுட்ஸ்க்ரேக்குப் பக்கத்தில் மரிபிர்னாங்கில் மிட்வே என்று ஒரு விடுதி இருந்தது. தென்கிழக்கில், எங்கள் மகன் வீட்டிலிருந்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஸ்ப்ரிங்வேலில் என்டர்பிரைஸ் என்று இன்னொன்று. இது 1970-ல் திறந்து 1992-ல் மூடியது. விடுதியை விட்டு வெளியே வந்தவர்கள் வாடகை குறைந்த பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்தார்கள். முதலில் ஒருவர் மளிகை வைத்தார், அடுத்தவர் துணி தைத்தார், அதற்கடுத்தவர் மருத்துவர் பலகை மாட்டினார். இன்றைக்கு மெல்போர்னில் வியட்நாம் கடைத்தெருக்கள் என்று சொல்லப்படுபவற்றில் இரண்டு அந்த இரண்டு விடுதிகளுக்குப் பக்கத்தில் இருப்பது தற்செயல் இல்லை.

ஸ்ப்ரிங்வேலில் எனக்குப் பழக்கமான காய்கறிக் கடை அம்மா இதைத்தான் சொன்னார். அவருடைய குடும்பம் அந்த விடுதியில் இருந்திருக்கிறது. வெளியே வந்ததும் அப்பா தொழிற்சாலைக்குப் போனார், அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டார். வேலையும் விடுதியும் நடக்கிற தூரத்தில் இருந்ததால் அந்த இடத்தை விட்டு நகரவே தோன்றவில்லையாம்.

மார்ச் 10

சாப்பாடு எல்லா ஊரிலும் கிடைக்கும், இதற்காகவா அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று ஒரு கேள்வி. நான் சொல்ல வந்தது சாப்பாட்டைப் பற்றி மட்டும் இல்லை. ஒரு சமூகம் ஒரு தெருவுக்கு வந்து, முன்னேறி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, வேறு இடத்துக்குக் குடிபோன பிறகும் அந்தத் தெருவில் கடைசியாக மிஞ்சி நிற்பது சாப்பாட்டுக் கடைதான். கார்ல்டனில் லைகன் தெரு இத்தாலியர்களின் தெரு. இன்று அங்கே குடியிருப்பவர்களில் மாணவர்கள்தான் அதிகம். ஆனால் காப்பிக் கடையும் பாஸ்தாவும் ஐஸ்கிரீமும் இத்தாலியருடையது. செயின்ட் கில்டாவில் ஏக்லண்ட் தெருவின் கேக் கடைகள் ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் கைவரிசை. கடையைப் பார்த்து யார் முன்னால் வந்தவர்கள் என்று கண்டுபிடிக்கலாம்.

மெல்போர்ன்காரர்கள் காப்பியில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கும் அந்த இத்தாலியர்கள்தான் காரணம். 2008-ல் ஸ்டார்பக்ஸ் ஆஸ்திரேலியாவில் தன் கடைகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. தெருவுக்குத் தெரு நல்ல காப்பி கிடைக்கிற ஊரில் அது எடுபடவில்லை. நம் ஃபில்டர் காப்பி குடித்த நாக்குக்கு ஃபிளாட் ஒயிட் என்ற அவர்கள் பால் காப்பி கொஞ்சம் லேசாகத் தெரியும். "ஸ்ட்ராங்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மார்ச் 12

தமிழர்கள் இருக்கிறார்களா என்று கேட்டவருக்கு: 2021 கணக்கெடுப்பில் ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் 95 ஆயிரத்துக்கு மேல். சிட்னியும் மெல்போர்னும்தான் பெரிய கூட்டம். கேரம் டவுன்ஸில் சிவனும் விஷ்ணுவும் ஒரே வளாகத்தில் இருக்கும் பெரிய கோயில் இருக்கிறது, 1994-ல் கும்பாபிஷேகம் ஆனது. டார்னீட்டிலிருந்து அது ஊரின் மறுகோடி, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு காரில் போவதே நல்லது. உங்கள் பக்கத்தில் சன்ஷைனில் முருகன் கோயில் உண்டு. ராக்பேங்கில் குன்றத்துக் குமரன் உண்டு. மலையடிவாரத்தில் தி பேசின் என்ற இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில். அந்த வழியில் மரங்கள் அவ்வளவு உயரம், கோயிலுக்குப் போகிற பயணமே மனசுக்கு இதமாக இருக்கும்.

மார்ச் 18

டாண்டனாங் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. என் மனசுக்கு மிகவும் நெருக்கமான இடம் அதுதான்.

கிரேட்டர் டாண்டனாங் நகராட்சியில் 150-க்கு மேற்பட்ட நாடுகளில் பிறந்தவர்கள் வசிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலேயே இவ்வளவு கலவையான நகராட்சி வேறு இல்லை என்பார்கள். இதற்கும் காரணம் உண்டு. 1950-களில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், ஹைன்ஸ், ஹோல்டன் என்று மூன்று பெரிய தொழிற்சாலைகள் அங்கே வந்தன. ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கைவேலை தெரிந்தால் சம்பளம். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் போனார்கள், பின்னால் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் போனார்கள். வேலை இருந்த இடத்தில் வீடு, வீடு இருந்த இடத்தில் கடை.

தாமஸ் தெருவில் ஆப்கன் பஜார். ரொட்டி அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு கைநீள நான் கிடைக்கும். கடைக்காரர்கள் பெரும்பாலும் ஹசாரா என்ற ஆப்கானிய இனத்தவர். ஃபாஸ்டர் தெருப் பக்கம் இந்தியக் கடைகள், புடவை, நகை, இனிப்பு. கொத்து ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டால் இலங்கைக் கடை என்று தெரிந்துகொள்ளலாம். சந்தை செவ்வாய், வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில். நம் கறிவேப்பிலை அங்கே சின்னப் பொட்டலத்தில் நல்ல விலைக்கு விற்கிறது. அதைப் பார்த்துவிட்டு மருமகள் தொட்டியில் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு நானே தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன்.

ஆனால் ஊரிலிருந்து கறிவேப்பிலையோ விதையோ பழமோ எடுத்துப்போக வேண்டாம். விமானத்தில் தரும் அட்டையில் உணவுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டிருப்பார்கள். பருப்புப் பொடியும் ஊறுகாயும் இருந்தாலும் "ஆம்" என்றே குறியுங்கள். சொல்லிவிட்டால் பார்த்துவிட்டுத் தருவார்கள், இல்லையென்றால் எடுத்துப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால்தான் பெரிய அபராதம்.

மார்ச் 18, மாலை

டார்னீட்டிலிருந்து டாண்டனாங் தூரம் என்று நினைக்க வேண்டாம். வழியில் ஒரு முறை மாறி பேக்கன்ஹாம் அல்லது கிரான்போர்ன் வண்டி பிடித்தால் போதும். வழியில் கார்னகியிலிருந்து ஹியூஸ்டேல் வரையும், அப்புறம் கிளேட்டன், நோபிள் பார்க்கிலும் ரயில் தூண்களின் மேல் உயரத்தில் போகும். வீடுகளின் கொல்லைப்புறம் எல்லாம் தெரியும். ஒரு வீட்டில் எலுமிச்சை, ஒரு வீட்டில் ஆலிவ், ஒரு வீட்டில் முருங்கை. யார் வீடு என்று மரத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டே வருவேன்.

மார்ச் 26

"அங்கே இனவெறி உண்டாமே, வயதானவர்கள் தனியாகப் போகலாமா" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

2009-ல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் மேல் வரிசையாகத் தாக்குதல் நடந்தது. அந்த மே மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கானவர்கள் ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்துக்கு முன்னால் மறியல் செய்தார்கள். அது நடந்தது, மறக்கக்கூடாது. இப்போதும் இரவு நேரத்து ரயிலில் குடித்துவிட்டுக் கத்துகிறவர்கள் உண்டு. ஒரு சாயங்காலம், போனில் தன் மொழியில் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து ஒருவன் "இங்கே ஆங்கிலம் பேசு" என்று கத்தினான். எதிர் இருக்கையில் இருந்த வயதான வெள்ளைக்காரப் பெண்மணி எழுந்து வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் பேசவில்லை. நானும் எழுந்து இன்னொரு பக்கம் போய் உட்கார்ந்தேன். அவன் அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டான்.

பகலில் போங்கள், கூட்டம் இருக்கும் பெட்டியில் ஏறுங்கள். நான் அப்படித்தான் போனேன், பயப்படும்படி எனக்கு ஒன்றும் நடக்கவில்லை.

மார்ச் 27

நேற்று எழுதியதைத் தொடர்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர் எல்லோரையும் எப்போதும் வரவேற்ற ஊர் என்று யாராவது சொன்னால் அது வரலாறு தெரியாத பேச்சு.

ஆஸ்திரேலியாவின் முதல் நாடாளுமன்றம் 1901 மே 9 அன்று மெல்போர்னில், ராயல் எக்சிபிஷன் பில்டிங்கில்தான் தொடங்கியது. பிறகு 1927 வரை ஸ்ப்ரிங் தெருவில் இருக்கும் கட்டடத்தில் கூடியது. அங்கே அந்த முதல் ஆண்டிலேயே போட்ட சட்டம்தான் வெள்ளையர் அல்லாதவரை உள்ளே விடாமல் தடுத்தது. நிறத்தைச் சொல்லித் தடுக்கவில்லை. ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொல் வாசிப்போம், எழுது என்றார்கள். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஒருவரைத் தடுக்க வேண்டும் என்றால் அவருக்குத் தெரியாத மொழியில் வாசிக்க வேண்டியதுதான்.

1934-ல் எகோன் கிஷ் என்ற செக் நாட்டுப் பத்திரிகையாளர் வந்தார். ஹிட்லருக்கு எதிராகப் பேச வந்தவர். கரையிறங்க விடாததால் மெல்போர்ன் துறையில் கப்பலிலிருந்தே குதித்துக் காலை உடைத்துக்கொண்டார். பல மொழி தெரிந்தவர் அவர். சிட்னியில் அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய் அவர் ஜெயித்தார். அந்தத் தேர்வு 1958-ல்தான் ஒழிந்தது. நிறவெறிக் கொள்கையை முழுக்கத் துடைத்தது 1973-ல்.

ஸ்ப்ரிங் தெருக் கட்டடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லிட்டில் பர்க் தெருவில் சீனர் தெரு. 1850-களில் தங்கம் தோண்ட வந்தவர்கள் அமைத்தது. அவர்களைத் தடுக்கச் சட்டம் போட்ட காலம் முழுக்க அந்தத் தெரு அங்கேயே இருந்திருக்கிறது. அங்கே கோஹன் பிளேஸில் இருக்கும் சீன அருங்காட்சியகத்துக்கும், ஃபிளிண்டர்ஸ் தெருவில் பழைய சுங்க இலாகாக் கட்டடத்தில் இருக்கும் குடிவரவு அருங்காட்சியகத்துக்கும் அவசியம் போங்கள்.

அதற்கெல்லாம் முன்னால், அது வுருண்ட்ஜெரி, பூனுராங் என்ற பழங்குடி மக்களின் மண். 1835-ல் வெள்ளையர் வந்து குடியேறியதும் அவர்கள் விரட்டப்பட்டார்கள். இப்போது நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் அந்த மக்களை நினைவுகூர்ந்து மரியாதை செலுத்துவார்கள். பேரன் பள்ளி விழாவிலும் செய்தார்கள். நான் எழுந்து நின்று கேட்டேன்.

ஏப்ரல் 3

ஒரு வாசகர் "அம்மா, ஊர் சுற்றுவதைப் பற்றி எழுதுங்கள், வரலாறு வேண்டாம்" என்கிறார். இரண்டையும் ஒரே டிராமில் பார்க்கலாம் தம்பி. எண் 109.

போர்ட் மெல்போர்னில் ஏறுங்கள். பக்கத்திலேயே ஸ்டேஷன் பியர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிரேக்கரும் இத்தாலியரும் மற்றவர்களும் ஆயிரக்கணக்கில் கப்பலிலிருந்து இறங்கிய துறை. வண்டி அங்கிருந்து காலின்ஸ் தெரு வழியாக, வங்கிகளின் பெரிய கட்டடங்களுக்கு நடுவே, நாடாளுமன்றக் கட்டடத்தின் ஓரமாகத் திரும்பும். அப்புறம் ரிச்மண்டின் விக்டோரியா தெரு. இரண்டு பக்கமும் வியட்நாம் உணவகங்கள். அதற்குப் பிறகு கியூ, பால்வின் என்று பெரிய தோட்டங்களோடு வசதியானவர்களின் வீடுகள். கடைசி நிறுத்தம் பாக்ஸ் ஹில். அங்கே இறங்கினால் பலகைகளில் பாதிக்கு மேல் சீன எழுத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜன்னலோரம் உட்காருங்கள்.

ஏப்ரல் 3, சற்று நேரம் கழித்து

இன்னொரு வண்டி 19. எலிசபெத் தெருவிலிருந்து சிட்னி ரோடு வழியாக வடக்கே கோபர்க் போகும். லெபனான், துருக்கி ரொட்டிக் கடைகள், கல்யாண கவுன் கடைகள். எள்ளும் மூலிகையும் எண்ணெயும் தடவிச் சுட்ட ரொட்டி ஒன்று வாங்கினால் மதியத்துக்கு இருவருக்குப் போதும், விலையும் குறைவு. கிரேக்கர்களைப் பார்க்க ஓக்லி. நடுவில் வண்டி போகாத ஒரு தெருவில் மேசைகளைப் போட்டுப் பெரியவர்கள் காலையிலிருந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலர் இளைஞர்களாகக் கப்பலில் வந்தவர்கள்.

ஏப்ரல் 11

கிரிக்கெட் பற்றி யாரும் கேட்காதது ஆச்சரியமாக இருக்கிறது. எம்சிஜி மைதானத்தில் ஆட்டம் இல்லாத நாட்களில் உள்ளே சுற்றிக்காட்ட ஏற்பாடு இருக்கிறது, கட்டணம் உண்டு. உலகத்தின் முதல் டெஸ்ட் 1877 மார்ச்சில் அங்கேதான். தமிழர்களுக்கு அந்த மைதானத்தில் இரண்டு நினைவுகள். 1995 டிசம்பர் 26 அன்று முத்தையா முரளிதரனின் பந்தை நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை நோ-பால் என்றார். அந்த மனிதர் அதற்குப் பிறகு 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார். 2022 அக்டோபர் 23 அன்று பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்துக்கு முந்தையதை அசையாமல் விட்டு அகலப் பந்தாக்கி, கடைசிப் பந்தில் ஓட்டம் எடுத்து முடித்தவர் நம் அஸ்வின். அன்றைக்கு மைதானத்தில் 90 ஆயிரத்துக்கு மேல் ஜனம். காலியான மைதானத்தில் நின்றபோதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஏப்ரல் 20

இதை எழுதலாமா என்று யோசித்து வைத்திருந்தேன். நான் அந்த ஊரை நேசிப்பதற்கு முதல் காரணம் இதுதான், அதனால் எழுதுகிறேன்.

மகன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இருந்தார். ஒரு நாள் மூச்சுத் திணறல். அவர் பிள்ளைகள் வேலையில் இருந்தார்கள், நான் கூடப் போனேன். மருத்துவமனையில் டாக்டர் ஆங்கிலத்தில் கேட்கக் கேட்க நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். டாக்டர் மரியாதையாகக் கையைக் காட்டி நிறுத்தினார். கூட வந்தவர்கள் மொழிபெயர்க்கக்கூடாதாம். அதற்கு ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார். சில நிமிடத்தில் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், நல்ல தமிழில். டாக்டர் கேட்டதை அப்படியே தமிழில் சொன்னது. அந்த அம்மா "நெஞ்சு அடைக்குது பிள்ளை" என்றதும், "எனக்கு நெஞ்சு அடைக்கிறது" என்று ஆங்கிலத்தில் தன்மையிலேயே சொன்னது. கூட்டவில்லை, குறைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அந்த அம்மா சொன்னது மட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

என் வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலை இந்தப் பக்கத்துக் குரலை அந்தப் பக்கத்துக்கு இணைத்துக் கொடுப்பது. டிரங்க் கால் காலத்தில் எத்தனையோ சாவுச் செய்தியும் பிறப்புச் செய்தியும் என் காதைக் கடந்து போயிருக்கின்றன. மொழியையும் இப்படி இணைத்துக் கொடுக்கலாம் என்று ஒரு அரசாங்கத்துக்குத் தோன்றியிருக்கிறதே என்று கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து பேத்தியை விட்டுத் தேடச் சொன்னேன். தொலைபேசி வழி மொழிபெயர்ப்புச் சேவையை 1973-ல் சிட்னியிலும் மெல்போர்னிலும் ஆரம்பித்திருக்கிறார்கள். நிறவெறிக் கொள்கையைத் துடைத்த அதே ஆண்டு. 1975-ல் மெடிபேங்க் என்ற புதிய மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அவரவர் மொழியில் சொல்ல வானொலி தொடங்கினார்கள், மெல்போர்னில் அதற்கு 3இஏ என்று பெயர். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய எஸ்பிஎஸ் என்ற பல மொழி ஒலிபரப்பு நிறுவனம். அதில் தமிழ் ஒலிபரப்பும் இருக்கிறது.

பல நாட்டு மக்கள் சேர்ந்து வாழ நல்ல மனசு மட்டும் போதாது. யாரோ உட்கார்ந்து ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. விடுதி, தொழிற்சாலை வேலை, வானொலி, ஒரு தொலைபேசி எண். அந்த மொழிபெயர்ப்புச் சேவையின் எண் 131 450. பிரசவத்துக்குப் போகிறீர்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 21

மகளுக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று திருச்சி வாசகர் எழுதியிருக்கிறார். நல்லது. நான் சொன்னது உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும். உங்களுக்கு அந்த நாட்டின் அரசாங்க மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடையாது. காப்பீடு எடுக்காமல் விமானம் ஏற வேண்டாம்.

மே 6

எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று நான் எழுதுவதாக ஒரு ஈழத்து நண்பர் வருத்தப்பட்டிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. படகில் வந்து பத்து ஆண்டுக்கு மேல் தற்காலிக விசாவிலேயே வைக்கப்பட்டவர்கள் 2024-ல் டாக்லாண்ட்ஸில் உள்துறை அலுவலகத்துக்கு முன்னால் இரவு பகலாக நூறு நாள் உட்கார்ந்து போராடினார்கள். அவர்களில் தமிழர்கள் பலர். ஸ்ப்ரிங்வேல் காய்கறிக் கடை அம்மாவின் குடும்பத்துக்கு விடுதி கொடுத்த அதே நாடு இவர்களைக் காத்திருக்க வைத்திருக்கிறது. டாண்டனாங் கடைகளில் உங்களுக்குப் பரிமாறுகிறவர்களில் அப்படிக் காத்திருக்கிறவர்களும் இருப்பார்கள். ஊரில் யார் இருக்கிறார்கள், எப்போது வந்தீர்கள் என்று தோண்டிக் கேட்க வேண்டாம். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

மே 19

குளிர் பற்றி. ஜூன், ஜூலையில் பகலில் 13, 14 டிகிரிதான். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். வெளியே விட வீட்டுக்குள் குளிர் அதிகம் போலத் தோன்றும், அங்கே பல வீடுகள் குளிரைத் தடுக்கிற மாதிரி கட்டப்படவில்லை. உள்ளே போடும் தெர்மல், கம்பளிச் சாக்ஸ், காதை மூடும் குல்லா வேண்டும். காற்றும் தூறலும் சேர்ந்து வரும், குடை திரும்பிக்கொள்ளும். தலைமூடி வைத்த மழைச்சட்டை நல்லது. ஒரே நாளில் வெயில், மழை, காற்று மூன்றும் வரும் என்று சொல்வது சத்தியம்.

மழை நாளுக்கு ஸ்டேட் லைப்ரரி. 1913-ல் கட்டிய எட்டுப் பட்டை வாசிப்புக் கூடம், அண்ணாந்து பார்த்தால் குவிமாடம். நுழைவு இலவசம். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம். ஒவ்வொரு மேசையிலும் வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள் தலை குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள்.

ஜூன் 8

இந்த வாரம் கிளம்புகிறோம், முதலில் எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரசவத்துக்கு முன்னால் கிடைக்கும் ஒன்றிரண்டு நாளில் ஃபுட்ஸ்க்ரே போய்வாருங்கள், டார்னீட்டிலிருந்து நேர் வண்டி, அவசரமென்றால் உடனே திரும்பிவிடலாம். பத்திய சமையலுக்கு வேண்டிய பூண்டும் நெத்திலிக் கருவாடும் அங்கேயே வாங்கலாம். குழந்தை பிறந்து கொஞ்சம் மூச்சு விட்ட பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை டாண்டனாங். குவீன் விக்டோரியா சந்தைக்குத் திங்களும் புதனும் போகாதீர்கள், விடுமுறை. 109 வண்டியை ஆகஸ்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்போது பொழுது கொஞ்சம் நீண்டிருக்கும். தாயும் பிள்ளையும் நலம் என்று ஒரு வரி இங்கே எழுதுங்கள்.